கிளாரினெட் வாங்கும் முன்னே யாராவது சொல்லியிருக்கலாம்

தஞ்சாவூர்ப் பக்கம் நாகஸ்வரம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் வழி உண்டு. கருவிக்கு நரசிங்கம்பேட்டை, ஊதுகிற நாணல் சீவாளிக்குத் திருவாவடுதுறை, பாடத்துக்கு ஏதாவது ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணை. கிளாரினெட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் ஆட்டத்துக்கு, சின்ன மேளம் என்ற அதன் குழுவில் கிளாரினெட் வாசித்த மண்தான் இது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கச்சேரி வாசித்து, 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அப்படியிருந்தும் இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது அபூர்வம். நானும் தனியாகத்தான் பழகினேன். ஏறக்குறைய 20,000 ரூபாயும் ஒரு வருஷத்துக்கு மேலும் போனது. பணத்தைக்கூட மறந்துவிடலாம். உதடு சரியில்லை, தம் போதவில்லை, நமக்கு வித்தையே வராது போலிருக்கிறது என்று அந்தக் காலம் முழுக்க மனசு விட்டுப்போய்க் கிடந்ததுதான் ஆறவில்லை. கோளாறு கருவியில் இருந்தது. தொடங்குகிற யாருக்கும் இந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சத்தம் சரியாக வரவில்லை என்றால் முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள், அடுத்து வாயில் வைக்கிற மவுத்பீஸையும் அதில் மாட்டுகிற நாணல் ரீடையும், கடைசியில்தான் உங்கள் உதட்டை.

நான் வாங்கியது பழைய கருவி. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் உடம்பு, துளைகளை மூடித் திறக்க வெள்ளி பூசிய கீக்கள், பார்க்க அவ்வளவு லட்சணம். "பி ஃபிளாட்தான் தம்பி, எல்லாரும் வாசிக்கிறதுதான்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியைப் போட்டால் எந்தக் கட்டையிலும், அதாவது எந்த ஆதார சுருதி அளவிலும், ஒட்டவில்லை. இரண்டரைக்கு மேலே, மூன்றுக்குக் கீழே, நடுவில் நின்றது. திரும்பப் போய்க் கேட்டால், "ரீடு பழகலை தம்பி, உதட்டை இறுக்காதீங்க, போகப்போகச் சரியாயிடும்" என்று பதில். அது சரியாகவே ஆகாத கருவி. மேல் துண்டில் கம்பெனி முத்திரைக்குக் கீழே பொடியாக எச்.பி. என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வெட்டியிருந்தன. ஹை பிட்ச் என்பதன் சுருக்கம் அது. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளில் ஒரு காலத்தில் ஏ என்ற சுரத்தை 452 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து வாசித்தார்கள். இன்றைய கணக்கு 440. வித்தியாசம் கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. அந்தக் காலத்துக் கருவிகள் கை மாறி, மெருகு போட்டு, இன்னும் விற்பனைக்கு வருகின்றன. எல்.பி. என்று வெட்டியிருந்தால் அது லோ பிட்ச், இன்றைய சுருதிக்கு ஒத்துவரும்.

மவுத்பீஸுக்கு அடுத்த குட்டைத் துண்டான பேரலை வெளியே இழுத்தால் சுருதி இறங்குமே என்று தோன்றும். இறங்கும். 2 மில்லிமீட்டர் வரை இழுத்துச் சரிக்கட்டுவது எல்லாக் கருவியிலும் உள்ள வழக்கம். அதற்கு மேல் இழுத்தால் மேல் துளைகளின் சுரங்கள் அதிகமாகவும் கீழ்த் துளைகளின் சுரங்கள் கொஞ்சமாகவும் இறங்கும். ஒரு சுரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும். துளைகளுக்கு நடுவே உள்ள தூரமே வேறு கணக்கில் போட்டது, அதை எந்த ரிப்பேர்க்காரராலும் மாற்ற முடியாது. இதே வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே பழைய கருவி பார்க்கப் போகும்போது ஒரு டேப்பும், போனில் ட்யூனர் செயலியும் எடுத்துக்கொண்டு போங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டை மவுத்பீஸோடு முழுசாக மாட்டினால் சுமார் 67 செ.மீ. இருக்கும். எச்.பி. கருவி அதைவிட ஏறத்தாழ 2 செ.மீ. குட்டை. ஏ கிளாரினெட் 71 செ.மீ. அளவில் நீளமாக இருக்கும், பார்த்தவுடன் தெரியாது, அளந்தால்தான் பிடிபடும். ஈ ஃபிளாட் கருவி 49 செ.மீ.தான், அதைத் தொடங்குகிறவர் தொடவே வேண்டாம். நாலு வருஷமாவது ஊதிப் பழகிய ஒருவரைக் கூட்டிப்போய் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டு ஊதச் சொல்லுங்கள். ட்யூனரில் எஃப் காட்ட வேண்டும், நம் கணக்கில் 4 கட்டை. முள் எஃப்-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் போய் நின்றால் அந்தக் கருவி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

அடுத்து காற்றுக் கசிவு. தொடங்குகிறவர்களின் துயரத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. மேல் துண்டைத் தனியே எடுத்து, எல்லாத் துளைகளையும் விரலால் மூடி, பின்பக்கக் கட்டைவிரல் துளையையும் மூடி, கீழ் முனையை இன்னொருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க, மேல் முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே வெற்றிடம் பிடித்து நாலைந்து விநாடி நிற்க வேண்டும், வாயை எடுத்தால் 'பக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கீழ்த் துண்டுக்கும் இதே சோதனைதான். அங்கே திறந்தே நிற்கிற பெரிய கீக்களையும் சுண்டுவிரல் கீயால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நல்ல கருவியையும் கசிவதாக நினைத்துவிடுவோம். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, மெல்லிய சிகரெட் காகிதத்தை ஒரு நூல் அகலத்துக்குக் கத்தரித்து, கீயின் அடியில் துளையை அடைக்கிற பேடுக்குக் கீழே வைத்து, கீயை மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் ஒரே மாதிரி பிடித்து இழுபட்டால் பேடு நல்லது. ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் காற்றுப் போகிறது. பேடு மாற்றுவது பெரிய செலவில்லை. உடம்பில் விரிசல், மூட்டுகளின் வளையத்தில் உடைசல், கீ ஆடுவது, கம்பி வளைந்திருப்பது, இவையெல்லாம் செலவு. முக்கியமாக இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் பாலக் கீயைப் பாருங்கள். மாட்டும்போது மேல் துண்டின் வளையங்களை அழுத்தி அதைத் தூக்கிக்கொள்ளாமல் திருகியவர்கள் கையில் இருந்த கருவிகளில் அது வளைந்தே இருக்கும். வளைந்தால் சில சுரங்கள் பிசிறடிக்கும், காரணம் லேசில் பிடிபடாது.

எந்தப் பொருளில் செய்தது என்ற கேள்விக்கு என் பதில் ஒன்றுதான். முதல் கருவி ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். யமஹா ஒய்.சி.எல். 255 போன்ற மாணவர் கருவிகள் அந்த ரகம். கருமரத்தில் செய்த கருவியின் நாதம் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் வீதியுலா, அடுத்த நாள் ஏசி பஸ், ஐப்பசியில் விடாத மழை, இதையெல்லாம் மரம் தாங்குவது கஷ்டம். புதிய மரக் கருவியை முதல் சில வாரம் ஒரு நாளைக்கு 15, 20 நிமிஷத்துக்கு மேல் ஊதக்கூடாது, ஊதினால் உள்ளே ஈரமும் வெளியே வறட்சியுமாக விரிசல் விடும். பழகுகிறவர் தினமும் இரண்டு மணி நேரம் ஊத வேண்டியவர். எபோனைட் இரண்டுக்கும் நடுவில். வெயிலில் வைத்தால் நிறம் மங்கிப் பழுப்பும் பச்சையுமாகி, கந்தக வாடை அடிக்கும், ஆனாலும் உழைக்கும். மீரட்டில் செய்கிற மலிவுக் கருவிகள் பேண்டு செட்டுகளில் நிறையப் புழங்குகின்றன. ஒன்று நன்றாக வாய்க்கும், அடுத்தது வாய்க்காது. பெட்டியைப் பிரிக்காமல் வாங்க வேண்டாம், மேலே சொன்ன சோதனைகளைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

கீ அமைப்பில் போம், ஆல்பர்ட் என்று இரண்டு உண்டு. வலது சுண்டுவிரலுக்கு நாலு கீ இருந்தால் போம், இரண்டே இருந்தால் ஆல்பர்ட். வளையங்கள் குறைவு, விரல் நேரே துளையில் உட்காரும், கமகத்துக்கு இழைவது சுகம் என்பதால் நம் சங்கீதத்தில் பழைய ஆட்கள் பலர் ஆல்பர்ட்தான் வாசித்தார்கள். கற்றுக்கொடுக்கிறவர் ஆல்பர்ட் வைத்திருந்தால் நீங்களும் அதையே பிடியுங்கள். தனியாகப் பழகுகிறவர் போம் வாங்குவதுதான் நல்லது. பிடி அட்டவணை, பேடு, உதிரி எல்லாம் அதற்குத்தான் எளிதில் கிடைக்கும். போம் கருவியிலும் ஆறு விரல் துளைகள் திறந்தவைதான், அதனால் ஜாரு, கம்பிதம் போன்ற கமகங்களும் வரும்.

கட்டைக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் மேற்கத்திய அட்டவணையை வைத்துக்கொண்டு வெகுநாள் தடுமாற்றம். போம் பி ஃபிளாட் கருவியில் ஆறு துளைகளையும் கட்டைவிரல் துளையையும் மூடி, வலது சுண்டுவிரலால் எஃப் கீயை அழுத்தினால் ஒலிப்பது 2½ கட்டை ஷட்ஜம். அதன் மேல் ஷட்ஜம், இடது கட்டைவிரல் மட்டும் மூடிய பிடி. எல்லாம் திறந்தது 4 கட்டை. பாரி நாகஸ்வரத்தோடு சேர்ந்து பழக நினைக்கிறவர்கள் 2½-ஐ வைத்துத் தொடங்கினால் விரலுக்கும் வசதி, கீழே ஒரு முழு ஸ்தாயியும் கிடைக்கும்.

இனி ரீடு. நாகஸ்வரக்காரர் கருவியில் உபரிச் சீவாளிகள் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று படுத்துவிட்டால் அடுத்தது. கிளாரினெட்டில் தொடங்குகிறவர் மட்டும் ஒரே ரீடை வாங்கி, அது உடைகிறவரை அதையே ஊதுகிறார். பத்து ரீடு உள்ள ஒரு பெட்டி வாங்குங்கள். அதில் மூன்று நாலு அருமையாக இருக்கும், நாலைந்து தேறும், ஒன்றிரண்டு எதற்கும் உதவாது. இது கம்பெனியின் குற்றமில்லை, நாணல் தண்டு விளைகிற விதம் அப்படி. கருத்தோடு நாலு ரீடைப் பொறுக்கி, 1, 2, 3, 4 என்று பென்சிலால் அடியில் எழுதி, நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஊதுங்கள். புதிய ரீடை முதல் நாள் ஐந்து நிமிஷம், மறுநாள் பத்து நிமிஷம், மத்திய ஸ்தாயியில் மட்டும், மெதுவாக ஊதிப் பழக்க வேண்டும். முதல் நாளே மேல் ஸ்தாயியில் அடித்து ஊதினால் அது ஒரு வாரத்தில் தளர்ந்துவிடும்.

அடுத்து, ரீடு எவ்வளவு கடினம் என்று சொல்கிற எண் விஷயம். 2 அல்லது 2½-இல் தொடங்குங்கள். எல்லாக் கம்பெனி எண்ணும் ஒன்றல்ல. ஆரஞ்சுப் பெட்டி ரிக்கோவில் 3 என்பது நீலப் பெட்டி வாண்டோரனில் 2½ அளவுக்குத்தான் வரும். ரீடு கடினமாக இருந்தால் சத்தத்தோடு 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் வரும், பத்து நிமிஷத்தில் உதடு ஓய்ந்துவிடும், மெல்லிசாக ஊதவே முடியாது. மென்மையாக இருந்தால் சத்தம் தகரம் போலப் பரபரக்கும், மேலே போகப் போகச் சுருதி இறங்கும், இன்னும் மேலே போனால் ரீடு மவுத்பீஸோடு ஒட்டி மூடிக்கொண்டு சத்தமே நின்றுவிடும். தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு ஆசை வரும், 3½ போட்டால் சத்தம் எட்டும் என்று. எட்டாது. கடின ரீடில் கடித்து ஊதினால் நாதம் சுருங்கும், கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகும். சத்தம் மூச்சிலிருந்து வர வேண்டும்.

மாட்டுகிற முறையில்தான் நாணலின் உயிர் இருக்கிறது. ரீடைச் சுத்தமான தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிஷம் ஊறவையுங்கள், அல்லது வாயில் வைத்துக்கொள்ளுங்கள். முனை சுருக்கம் விழுந்து அலை அலையாகத் தெரிந்தால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், அக்னி நட்சத்திர நாட்களில் இது தினமும் நடக்கும். ஊறியதும் மவுத்பீஸின் தட்டைப் பகுதியில் முனையை வைத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் நேராகிவிடும். ரீடை இறுக்கிப் பிடிக்கிற வளையமான லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் தொளதொளவென்று மாட்டி, பிறகு மேலிருந்து ரீடை அதற்குள் இறக்குங்கள். ரீடை வைத்துவிட்டு மேலே லிகேச்சரை மாட்டப் போனால் பத்து முறையில் ஒரு முறை முனையை உரசிக் கிழிக்கும். முனை எவ்வளவு மெல்லியது தெரியுமா, வாண்டோரன் நீலப் பெட்டி ரீடின் நுனி 0.09 மில்லிமீட்டர்தான். இப்போது மவுத்பீஸை எதிரே நேராகப் பிடித்துப் பாருங்கள். ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு விளிம்பு ஒரு தலைமுடி அளவு தெரிய வேண்டும். ரீடு மேலே தூக்கியிருந்தால் ஊதவே கனமாக இருக்கும், நன்றாகக் கீழே இறங்கியிருந்தால் சத்தம் மெலிந்து கீச்சிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பிளிறும். கீழ்த் திருகை இறுக்கமாகவும், மேல் திருகை ரீடு நகராத அளவுக்கு மட்டும் லேசாகவும் முறுக்குங்கள். மேல் திருகை முறுக்கிப் பிடித்தால் ரீடுக்கு அதிர இடமில்லை.

ஒரு பக்கம் கனமான ரீடைக் கண்டுபிடிப்பது எளிது. மவுத்பீஸை வாயில் கொஞ்சம் இடதுபக்கமாகத் திருப்பி, ரீடின் வலது ஓரம் மட்டும் அதிரும்படி ஊதுங்கள். பிறகு மறுபக்கம் திருப்பி ஊதுங்கள். எந்தப் பக்கம் சிரமமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தை, நுனியிலிருந்து கொஞ்சம் கீழே, பெயின்ட் கடையில் கிடைக்கிற 600 நம்பர் உப்புத்தாளால் நாலு இழுப்பு, மேலிருந்து கீழாக. நாலே இழுப்பு. ஊதிப் பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னும் இரண்டு. நடுவில் தடித்து நிற்கிற நரம்புப் பகுதியையும் நுனியின் மையத்தையும் தொடவே கூடாது. அடிப்பக்கம் வீங்கி உப்பியிருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து அடிப்பக்கத்தை மட்டும் தட்டையாக்கலாம்.

மழைக்காலம் வந்துவிட்டால் நம் பக்கம் வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே ஈரம் கசியும். வாசித்த ரீடை மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் மறுநாள் அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழும், அது பூஞ்சை. அந்த ரீடைத் தூக்கிப் போடுங்கள், அழுக்கு என்று துடைத்து மறுபடி வாயில் வைக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் தடித்த முனையிலிருந்து நுனி நோக்கித் துடைத்து, காற்றில் பத்து நிமிஷம் வைத்து, தட்டையான ரீடு பெட்டியில் போட வேண்டும். வாரம் ஒருமுறை மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு கால்மணி நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசினால் ரீடு சுத்தமாக இருக்கும். இன்னொரு விஷயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். வெற்றிலை போட்ட வாயோடும், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கையோடும் ஊதக்கூடாது. சர்க்கரையும் பாக்குக் கறையும் எச்சிலோடு உள்ளே போய்ப் பேடுகளில் ஒட்டும். கீ தூக்கும்போது 'சப்' என்று ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான். கோயில் வேலையில் பிரசாதத்தைத் தவிர்க்க முடியாது, சரி. நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு ஊதுங்கள்.

பிளாஸ்டிக் கலவையில் வரும் செயற்கை ரீடுகள் இருக்கின்றன. ஊறவைக்க வேண்டியதில்லை, மழையிலும் வெயிலிலும் மாறாது, திருவிழா வாசிப்புக்கு ஒன்று பெட்டியில் இருப்பது தைரியம். ஒன்றின் விலையில் பல நாணல் ரீடுகள் வாங்கலாம் என்பதால் உங்கள் எண் எது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள்.

மவுத்பீஸ் பற்றிச் சுருக்கமாக. மலிவுக் கருவியோடு வருகிற மவுத்பீஸின் முகம் பல நேரம் கோணலாக இருக்கும், எந்த ரீடும் அதில் உட்காராது. கருவியை மாற்றக் காசில்லாதவர்கள் மவுத்பீஸை மட்டும் மாற்றினாலே பாதி கஷ்டம் தீரும். யமஹா 4சி தொடக்கத்துக்குப் போதும். வாண்டோரனில் 5ஆர்.வி. லைரின் வாய்த் திறப்பு 1.095 மி.மீ., பி45-இன் திறப்பு 1.195 மி.மீ. திறப்பு பெரிதாகப் பெரிதாக மென்மையான ரீடு வேண்டும், உதட்டுக்கு உழைப்பும் கூடும்.

வாயில் எவ்வளவு தூரம் வைப்பது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இதற்கு ஒரு துல்லியமான வழி உண்டு. ரீடு மாட்டிய மவுத்பீஸின் நுனியில் ஒரு மெல்லிய காகிதத்தை ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே செருகுங்கள். கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றுவிடும். ரீடும் மவுத்பீஸும் பிரிகிற இடம் அதுதான். ரீடின் மேல் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கீழ் உதடு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். அதற்கு மேலே இருந்தால் சத்தம் அடைபடும், கீழே போனால் பிளிறும். கீழ் உதட்டைப் பல்லின் மேல் கொஞ்சமாக மடித்து, மேல்பல்லை மவுத்பீஸின் மேல் ஊன்றி, மோவாயைக் கீழே இழுத்துத் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னம் உப்பக்கூடாது. சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதி ட்யூனரில் பாருங்கள். எஃப் ஷார்ப் வர வேண்டும். அதற்குக் கீழே நின்றால் உதடு தொளதொளவென்று இருக்கிறது அல்லது ரீடு மென்மை. மேலே போனால் கடிக்கிறீர்கள். ஆளில்லாத ஊரில் இந்த ஒரு சோதனைதான் எனக்கு ஆசிரியர் மாதிரி இருந்தது.

மேல் ஸ்தாயிக்கு வருவோம். நாகஸ்வரமோ புல்லாங்குழலோ வாசித்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அங்கே அதே பிடியில் அழுத்தி ஊதினால் ஷட்ஜம் மேல் ஷட்ஜமாகும். கிளாரினெட் அப்படிப் போகாது. அதன் குழல் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம், ஒரு முனை ரீடால் அடைபட்டது போல. அதனால் முதல் தாவலிலேயே ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் ஏறிவிடும். 2½ கட்டை ஷட்ஜப் பிடியில் மேலே தாவவைக்கிற ரெஜிஸ்டர் கீயை இடது கட்டைவிரலால் அழுத்தினால் வருவது அடுத்த ஸ்தாயிப் பஞ்சமம். கீழே மத்யமத்துக்கு இடது கை மூன்று விரல், வலது கை ஒரு விரல். அதே பிடியில் ரெஜிஸ்டர் கீ சேர்ந்தால் தார ஷட்ஜம். இதை முதல் நாளே மனசில் வாங்கிக்கொண்டால் பிடிகள் எல்லாம் தானாக விளங்கும்.

மேலே போக நான் கண்ட நல்ல பயிற்சி இதே பிடியில் இருக்கிறது. கீழ் மத்யமத்தை நீளமாகப் பிடியுங்கள். மூச்சை நிறுத்தாமல் ரெஜிஸ்டர் கீயை மட்டும் தொடுங்கள், தார ஷட்ஜம் வரும். அது நிலைத்ததும், வேறு எதையும் அசைக்காமல் இடது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குங்கள். அதற்கும் மேலே சதுஸ்ருதி தைவதம் ஒலிக்கும், வலது சுண்டுவிரலால் ஈ ஃபிளாட் கீயைச் சேர்த்தால் சுருதி சரியாக நிற்கும். ஒரே பிடி, மூன்று சுரம். மூன்றாவதுக்குப் போகும்போது எல்லாரும் கடிப்பார்கள், கடித்தால் கீச்சென்று எங்கோ போகும். உதடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாக்கின் பின்பகுதியை 'ஈ' என்று சொல்லும்போது நிற்கிற இடத்துக்குத் தூக்குங்கள், வயிற்றிலிருந்து மூச்சு விடாமல் வரட்டும். 'ஆ' நிலையில் நாக்கு படுத்திருந்தால் எவ்வளவு ஊதினாலும் சுரம் கீழே விழும். மத்யமத்தில் வந்ததும் ஒரு விரல் கூட்டி, ஒரு விரல் குறைத்து, இதே வரிசையை அடுத்த பிடிகளிலும் செய்யுங்கள். இதற்கு 2½ எண் ரீடாவது வேண்டும். 1½ ரீடில் இந்தச் சுரங்களைத் தேடி மனசு உடைய வேண்டாம், அதில் அவை நிற்காது.

தொடங்குகிறவர்களை அழவைக்கிற இன்னொரு இடம் நடுவில் இருக்கிறது. 2½ கட்டையில் மத்திய மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில். மத்யமத்தில் துளைகள் எல்லாம் திறந்து இரண்டு கீ மட்டும் பிடித்திருப்போம். அடுத்த பஞ்சமத்துக்கு ஏழு துளையும் சுண்டுவிரல் கீயும் ஒரே கணத்தில் மூட வேண்டும். ஒரு விரல் அரை நூல் விலகினாலும் சத்தம் வராது, அல்லது பிளிறும். பெரும்பாலும் குற்றவாளி வலது மோதிரவிரல். ரிஷபம், காந்தாரம், மத்யமம் வாசிக்கும்போதே வலது கை விரல்களைத் துளைகளில் மூடியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரங்கள் அதனால் கெடாது, பஞ்சமத்துக்கு இடது கை மட்டும் இறங்கினால் போதும். விரல் நுனியால் துளையை மூடாதீர்கள், நகத்துக்குப் பின்னே உள்ள சதைப்பகுதியால் மூடுங்கள். வாசித்து முடித்ததும் விரலில் வட்டம் முழுசாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்தால் எந்த விரல் விலகுகிறது என்று தெரிந்துவிடும். விரல் எல்லாம் சரியாக இருந்தும் பஞ்சமம் வரவில்லை என்றால் பேடு கசிகிறது. மேலே சொன்ன சிகரெட் காகிதத்தை எடுங்கள்.

வெளியில் வாசிக்கும்போது சுருதி அலையும். மார்கழி விடியலில் குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கி நிற்கும், சித்திரைப் பகலில் ஏறி நிற்கும். கருவிக்குள் வெதுவெதுப்பாக மூச்சை ஊதிச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் சுருதி சேருங்கள். வாசிப்பின் நடுவே ஒரு சுரம் மட்டும் 'கொளகொள' என்று ஒலித்தால் அந்தத் துளையில் தண்ணீர் நிற்கிறது. கீயைத் திறந்து துளைக்குள் ஊதித் தள்ளிவிட்டு, பேடில் சிகரெட் காகிதத்தை வைத்து அழுத்தி உறிஞ்ச விடுங்கள். ஒவ்வொரு முறையும் வாசித்த பின் துணி விட்டு உள்ளே துடைப்பது கட்டாயம். மவுத்பீஸை வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம், கொதிநீர் பட்டால் நிறம் போய் முகமும் கோணிவிடும். மூட்டுக் கார்க்குக்கு அதற்கென்று விற்கிற கிரீஸ்தான். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள், வேண்டாம், கார்க் ஊறிப் பிரிந்துவிடும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் இருக்கிறவர்கள் ஸ்பிரிங்குகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கீக்களுக்கு அடியில் இருக்கிற அந்த ஊசிக் கம்பிகள் எஃகு. உப்புக் காற்றில் முதலில் செம்புள்ளி விழும், பிறகு ஒருநாள் வாசிப்பு நடுவே பட்டென்று ஒடியும். மாதம் ஒருமுறை தையல் ஊசி நுனியில் மெல்லிய மெஷின் எண்ணெயைத் தொட்டு, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் அடியிலும் கீத் தண்டின் இரு முனையிலும் ஒரு துளி வையுங்கள். எண்ணெய் பேடில் படக்கூடாது. பட்டுவிட்டால் அந்தப் பேடு கெட்டியாகி மறுபடி கசியத் தொடங்கும். பெட்டியை மூடும் முன் உள்ளே ஈரத் துணியை வைத்துவிடாதீர்கள், துடைத்த துணி தனியே காயட்டும்.